மாமரத்துக்கு ஒரு வருடத் தவணை

என் கோப்பில் ஒரு கடிதம் இருக்கிறது. தேதி 2-3-1962. நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்த இலாகாவின் குடியிருப்புப் பிரிவு எனக்கு அனுப்பியது. ஆங்கிலத்தில் உள்ள வாசகத்தைத் தமிழில் தருகிறேன்.

"தங்கள் குவாட்டர்ஸின் முன்புறம் உள்ள மாமரத்தை வெட்டிவிடத் தாங்கள் விரும்புவதாக அறிகிறோம். அதற்கு அனுமதி அளிக்கப்படுகிறது. பாதுகாப்பை முன்னிட்டு, தாங்களே வெட்ட முயல வேண்டாம். 13-3-1962 செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நமது ஆட்கள் வந்து வெட்டித் தருவார்கள்."

அதே கோப்பில், அதே பிரிவுக்கு நான் எழுதிய கடிதங்களின் நகல்களும் இருக்கின்றன. ஒழுகும் கூரையைப் பற்றி நான்கு. சமையலறை ஜன்னலின் உடைந்த கொக்கியைப் பற்றி இரண்டு. குளியலறைக் கதவைப் பற்றி ஒன்று. எதற்கும் பதில் இல்லை. நான் அந்த இலாகாவில் இருந்த காலம் முழுவதும் பன்னிரண்டே நாளில் ஏற்கப்பட்ட கோரிக்கை இது ஒன்றுதான். இதை நான் கேட்கவே இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

1954 ஆகஸ்டில் நானும் என் மனைவியும் அந்தக் குவாட்டர்ஸுக்குக் குடிவந்தோம். சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் எட்டு வீடுகள் கொண்ட ஒரு வரிசை. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் பன்னிரண்டடிக்கு ஒன்பதடி மண். அளந்தது நான். நான் அளந்துகொண்டிருந்தபோதே என் மனைவி மண்வெட்டியை எடுத்துவிட்டாள். அவள் பிறந்து வளர்ந்தது பஃபலோ ரோட்டில் ஒரு கடையின் மாடியில். அங்கே மண் என்பது ஜன்னல் ஓரத்து மண்ணெண்ணெய் டின்களில் இருந்தது மட்டுமே. மூன்று டின்களில் மல்லிகை வளர்த்து, கல்யாணமானபோது அந்த மூன்று டின்களையும் சீராகக் கொண்டுவந்தவள் அவள். சொந்தமாக ஒன்பதடி மண்ணைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சம், என்னைப் பார்த்தபோது வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஓராண்டுக்குள் அந்த மண்ணில் மல்லிகை, கனகாம்பரம், செம்பருத்தி, துளசி, இரண்டு பப்பாளி எல்லாம் வந்துவிட்டன. செடி வளர்ப்பது அவள் வேலை. எழுதி வைப்பது என் வேலை. பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எது எப்போது பூத்தது, எத்தனை பூத்தது, அன்றைக்கு மழை உண்டா என்று குறித்து வந்தேன். "நீங்க எழுதுற நேரத்துல ஒரு வாளி தண்ணி ஊத்தியிருக்கலாம்" என்பாள். அதையும் ஒருமுறை எழுதி வைத்திருக்கிறேன்.

மாமரத்தின் தொடக்கமும் நோட்டில் உண்டு. "12-6-1955. மாங்கொட்டை ஊன்றப்பட்டது. சப்பியவர்: நான்." தேக்கா சந்தையில் கப்பலில் வந்த மாம்பழம் ஒன்று வாங்கி இருவரும் தின்றோம். அத்தனை இனிப்பான பழத்தை அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் தின்றதில்லை. கொட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அவள் வாசலில் ஊன்றிவிட்டாள். இன்னும் கொஞ்சம் சப்ப மிச்சமிருந்தது.

இனி அடுத்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் இலாகாவிலேயே பண்டகசாலையில் இருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், என் மனைவி அவர் மனைவியை அக்கா என்பாள். அவர்கள் கத்தோலிக்கர்கள். அண்ணன் ஒன்பது தொட்டிகளில் ரோஜா வளர்த்தார், கோயிலில் மாதா பீடத்துக்காக. ரோஜாவுக்கு அவர் செய்த சேவையில் பாதிகூட மாதாவுக்குச் செய்யவில்லை என்று அக்கா சொல்லுவார்.

ஆனால் பிரச்சினை ரோஜா அல்ல, ஜம்பு. அவர்கள் வாசலில் ஒரு ஜம்பு மரம் நின்றது. மணிபோல் தொங்கும் இளஞ்சிவப்புப் பழம், கடித்தால் வாயெல்லாம் தண்ணீர். அண்ணன் அதை நட்டதில்லை, அவர் வருவதற்கு முன்பே இருந்தது. தண்ணீர் ஊற்றியதில்லை. ஏறிட்டுப் பார்த்ததுகூட இல்லை. அதுவோ வருடத்தில் மூன்று முறை, நான்கு முறை காய்த்துக் கொட்டியது. அக்கா தாராள மனசுக்காரர். ஒவ்வொரு காய்ப்பிலும் ஓரிரு தடவை நீலக்கரை போட்ட மங்குத் தட்டு நிறைய ஜம்பு எங்கள் வீட்டுக்கு வரும்.

வந்த தட்டைச் சும்மா திருப்பி அனுப்பக்கூடாது என்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். ஏதாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். மல்லிகை பூத்த நாளில் என் மனைவி ஒரு முழம் பூவைச் சுருட்டி வைத்து அனுப்புவாள். பூக்காத நாளில் ஒரு கை சீனி. என் நோட்டின்படி 1955 முதல் 1961 முடிய வந்த தட்டுகள் நாற்பத்தொன்று. பூவோடு திரும்பியவை பதினாறு, சீனியோடு இருபத்தைந்து.

இதில் என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். அவள் அப்படி நினைக்கவில்லை.

"ஒரு பழம் திருப்பிக் குடுக்க வக்கில்ல நமக்கு. ஆறு வருஷமா கடைச் சீனிய அள்ளி அள்ளி அனுப்புறேன்."

"பப்பாளி தனியாக அனுப்பினோமே."

"பப்பாளியா? பப்பாளி யாரு வீட்டுல இல்ல? குப்பையில வெதை விழுந்தாலே மொளைக்குது. தண்ணிய மென்னு தின்ன மாதிரி இருக்குற அந்த ஜம்புக்கு ஒரு மாம்பழம் அனுப்பணும். ஒண்ணே ஒண்ணு. நம்ம மரத்துல காய்ச்சதுன்னு சொல்லி அனுப்பணும்."

மாமரம் அதற்குள் கூரை உயரம் வளர்ந்துவிட்டிருந்தது. பளபளவென்று இலை. நல்ல நிழல். ஒரு பூ இல்லை.

நூலகத்தில் தேடி ஒரு விவசாய நூலைப் படித்தேன். மாமரம் பூக்கத் தொடர்ந்து சில வாரங்கள் மழையில்லாத காலம் வேண்டும் என்று அதில் இருந்தது. வந்து சொன்னேன்.

"அதுக்கு நான் என்ன பண்ண? சிங்கப்பூர் மழைக்கு லீவு எழுதிக் குடுக்கவா?" என்றாள். பிறகு தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தொடங்கினாள். மரத்தில் ஒரு பழைய துடைப்பத்தையும் செருப்பையும் கட்டித் தொங்கவிட்டாள். காய்க்காத மரத்துக்கு அது அவமானமாம், ரோஷம் வந்து காய்க்குமாம். துடைப்பம் பழையதுதான். செருப்பு என்னுடையது. இன்னும் ஆறு மாதம் உழைத்திருக்கும். ஓராண்டு தொங்கியது. மரத்துக்கு ரோஷம் வரவில்லை.

1962 பிப்ரவரியில் கடைசி வைத்தியத்துக்கு வந்தாள். அது இப்படி. வீட்டுக்காரர் கோடாலியோடு மரத்தடியில் போய் நின்று, "காய்க்காத உன்னை இன்றைக்கே வெட்டிப் போடுகிறேன்" என்று மிரட்ட வேண்டும். அப்போது வெளியாள் ஒருவர் ஓடிவந்து, "வேண்டாம், விட்டுவிடுங்கள், அடுத்த வருஷம் காய்க்கும்" என்று கெஞ்ச வேண்டும். வீட்டுக்காரர் அரைமனதாகக் கோடாலியை இறக்க வேண்டும். மரம் பயந்துபோய்க் காய்த்துவிடும். பஃபலோ ரோட்டு மாடியில் வளர்ந்தவளுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். எல்லாருக்கும் தெரியும் என்றாள்.

"கெஞ்சறதை நீயே செய்துவிடேன்."

"வீட்டு ஆளு கெஞ்சினா மரம் நம்பாது. வெளியாளு வேணும்."

அண்ணனைக் கேட்டோம். கத்தோலிக்கர் இதற்கு வருவாரோ என்று எனக்குத் தயக்கம். அவரோ துள்ளி எழுந்தார். "தம்பி, இது எங்க சாமியாரு பிரசங்கத்துல சொன்ன கதைதான்! காய்க்காத அத்திமரம். எசமான் வெட்டச் சொல்றாரு. தோட்டக்காரன் கெஞ்சறான், இந்த ஒரு வருஷம் பொறுங்க, சுத்திக் கொத்தி எருப்போடுறேன்னு. நான்தான் அந்தத் தோட்டக்காரன். கவலைப்படாதீங்க, அழுதே காட்டுறேன்."

நாள் குறித்தோம்: 18-2-1962, ஞாயிறு. ஏழு மணிப் பூசை முடிந்து அண்ணன் எட்டரைக்கு வந்துவிடுவார். எட்டு நாற்பதுக்கு நான் தொடங்க வேண்டும். விறகுக்கடையில் கோடாலி இரவல் வாங்கி வைத்திருந்தேன்.

எட்டு நாற்பதுக்கு அண்ணன் வீடு பூட்டியிருந்தது. வரும் வழியில் இருப்பார் என்று நினைத்துத் தொடங்கிவிட்டேன். என் மனைவி ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள்.

"மரமே" என்றேன்.

"சத்தமா" என்றது ஜன்னல்.

"மரமே! உன்னை 1955 ஜூன் பன்னிரண்டாம் தேதி ஊன்றினோம். இன்றோடு ஆறு வருஷம் எட்டு மாசம்..."

"அதுகிட்ட எதுக்குங்க தேதி சொல்றீங்க? திட்டுங்க!"

திட்டினேன். தண்டச்சோறு என்றேன். நிழலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, ஊறுகாயா போடுவேன் என்றேன். ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்த வசவுகள் தீர்ந்துவிட்டன. அண்ணன் வரவில்லை. கோடாலியைக் கீழே வைக்கலாமா என்று கண்ணால் கேட்டேன். கூடாது என்று தலையசைத்தாள். யாரும் கெஞ்சாமல் நானாகக் கோடாலியை இறக்கினால் மரத்துக்குப் பயம் விட்டுப்போகுமாம். ஆகவே தொடர்ந்தேன். சொன்னதையே திரும்பச் சொன்னேன்.

அப்போதுதான் மண்டோர் வந்தார். குவாட்டர்ஸ் மராமத்து ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்த மலாய்க்காரர் அவர். எல்லாரும் அவரை மண்டோர் என்றே அழைப்போம். இருபது வருஷம் தமிழ் ஆட்களோடு வேலை பார்த்ததில் எங்களைப்போலவே தமிழ் பேசுவார், இந்த ஊர்ப் பேச்சின் 'லா' உட்பட. சந்தைக்குப் போய்விட்டுச் சைக்கிளில் கீரைக்கட்டோடு வந்தவர், காலை ஊன்றி நின்று பார்த்தார்.

"என்ன கிராணி, மரத்தை வெட்டவா போறீங்க?"

மரத்துக்கு முன்னால் நான் வேறு என்ன சொல்ல முடியும்?

"ஆமா. இன்னிக்கே வெட்டுறேன்."

"கோடாலி பிடிக்கிற பிடி சரியில்லையே லா. காலத்தான் வெட்டிக்குவீங்க."

"என் காலு. என் மரம்."

"காலு உங்களோடது. மரம் இலாகாவோடது" என்றார். என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். கவலையோடு சைக்கிளை மிதித்துப் போனார்.

அண்ணன் வந்தபோது ஒன்பது இருபத்தைந்து. பூசைக்குப் பிறகு மூன்று குழந்தைகளுக்கு ஞானஸ்நானமாம், அதில் ஒன்றுக்கு அவர் ஞானத்தகப்பனாம், மறந்தே போய்விட்டாராம். என்னைப் பார்த்ததும் கேட்டார், "என்ன தம்பி, முடிஞ்சுதா?"

ஜன்னல் அலறியது: "அண்ணே! மரத்துக்கு முன்னாடியா இப்படிக் கேப்பீங்க!"

அவ்வளவுதான். மரத்துக்கு எல்லாம் தெரிந்துபோய்விட்டது. கோடாலியை விறகுக்கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, முதலில் சொன்ன கடிதம் வந்தது.

மண்டோரைப் போய்ப் பார்த்தேன். அவர் செய்தது முழுக்க முழுக்க நல்ல எண்ணத்தில்தான். கிராணி மரத்தின்மேல் பெருங்கோபத்தில் இருக்கிறார், கோடாலி பிடிக்கத் தெரியவில்லை, விபத்து நடக்கும் முன் ஆட்களை அனுப்புங்கள் என்று மேலே எழுதிவிட்டார். நான் விஷயத்தை விளக்கினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ கிராணி! எங்க அம்மாவும் ரம்புத்தான் மரத்துக்கு இப்படித்தான் செய்வாங்க. எனக்குத் தெரியாதா? ஆனா கெஞ்சற ஆளு முன்னாடியே வந்து வேலிப் பக்கம் ஒளிஞ்சு நிப்பாரு. நீங்க தனியா நின்னீங்க லா. தனியா நின்னு மரத்தைத் திட்டுற ஆளைப் பாத்தா நான் என்ன நினைக்கிறது?"

இனி எழுத்தில் போனதை எழுத்தில்தான் நிறுத்த முடியும் என்றார். இரவல் கோடாலி, மிரட்டல், பயம் இதையெல்லாம் அலுவலக ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? மூன்று வரைவுகள் எழுதினேன். கடைசியில் அனுப்பியது: "மரத்தை வெட்டுவதாக நான் கூறியது உண்மை. ஆனால் வெட்டும் நோக்கம் எனக்கு இருக்கவில்லை." 9-3-1962 அன்று பதில் வந்தது: "விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதற்குத் தகுந்த காரணம் காட்டவும்." இல்லாத விண்ணப்பத்தைத் திரும்பப் பெற என்ன காரணம் காட்டுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

இடைப்பட்ட அந்த மூன்று நாளும் என் மனைவி என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். துடைப்பமும் செருப்புமாக நின்ற ஒரு மரத்துக்குத் தூக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தவன் நான்.

13-3-1962 காலை எட்டு மணி. கூரைக்கு ஒருபோதும் வராத ஆட்கள் சரியாக எட்டு மணிக்கு வந்தார்கள். மூன்று பேர். ரம்பம், கயிறு, இரண்டு கோடாலி. பின்னால் சைக்கிளில் மண்டோர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. என் மனைவி மரத்தடியில் பாயை விரித்து, மடியில் மல்லிகையைக் கொட்டித் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் எந்திரிங்கம்மா" என்றார் ஆட்களில் மூத்தவர்.

"பூ தொடுத்து முடியல."

"எவ்வளவு நேரமாகும்?"

"சாயங்காலம் ஆகும்."

மூத்தவர் என்னைப் பார்த்தார். நான் மண்டோரைப் பார்த்தேன். மண்டோர் கீரையே இல்லாத சைக்கிள் கூடையைப் பார்த்தார். அந்த நேரத்தில் அடுத்த வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

அண்ணன் சவரம் செய்துகொண்டிருந்திருக்கிறார். ஒரு பக்கக் கன்னம் வழித்து மினுமினுத்தது, மறுபக்கம் முழுக்கச் சோப்பு நுரை. பனியனும் கைலியுமாக ஓடிவந்து ஆட்களுக்கும் மரத்துக்கும் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தார்.

"வெட்டாதீங்க! ஐயா, உங்க காலப் பிடிக்கிறேன், வெட்டாதீங்க! பச்சை மரம்யா! நான் வந்து கெஞ்சியிருக்கணும், நான் வரல. தப்பு மரத்தோடது இல்ல, என்னோடது. இந்த ஒரு வருஷம் விடுங்க. நானே சுத்திக் கொத்துறேன், நானே எருப்போடுறேன். அப்பவும் காய்க்கலேன்னா நீங்க வாங்க, நானே கோடாலி எடுத்துத் தர்றேன்!"

அழுதே காட்டுகிறேன் என்று அவர் பிப்ரவரியில் சொன்னது வெறும் பேச்சு. மார்ச்சில் அழுதது நிஜம். கண்ணீர் சோப்பு நுரைக்குள் ஓடி வழி செய்துகொண்டு இறங்கியது.

ஆட்களில் மூத்தவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. துடைப்பத்தைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், சிரிக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு மரத்துக்கு அருகே போய், கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தில் மூன்று தட்டுத் தட்டினார்.

"ஏய், கேட்டுக்கிட்டியா? ஒரு பெரிய மனுஷன் பாதி மூஞ்சியோட தெருவுல நின்னு அழுவுறாரு. அவருக்காக விடுறேன். ஒரு வருஷம். அடுத்த மார்ச்சுல வருவேன். பூ இல்லேன்னா பேச்சே கிடையாது."

நான் நாற்பத்தைந்து நிமிடம் திட்டியும் வராத ஒரு கனம் அந்தக் குரலில் இருந்தது. எனக்கே பயமாக இருந்தது.

மண்டோர் சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து எழுதினார். எழுதியதை எனக்குக் காட்டினார்: "வேலை ஓராண்டு ஒத்திவைப்பு. காரணம்: பக்கத்து வீட்டாரின் ஆட்சேபம்." எனக்குக் கிடைக்காத தகுந்த காரணம் அதுதான். அலுவலகம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. 25-3-1962, ஞாயிறு, பூசைக்குப் பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு பொங்கோல் போனார். அங்கே அவருக்குத் தெரிந்த சீனர் ஒருவர் கோழிப்பண்ணை வைத்திருந்தார். ஒரு சாக்கு நிறையக் கோழி எரு கொடுத்தார். பேருந்தில் ஏறினோம். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் பின் இருக்கைகள் காலியாயின. மூன்றாவதில் முன் இருக்கைகள். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, சாக்கில் இருப்பது நாற்றத்துக்குப் பேர்போன டுரியான் பழமா என்று மலாயில் கேட்டார்.

"அதைவிட விசேஷம்" என்றார் அண்ணன்.

இறக்கிவிட்டுவிட்டார்கள். மிச்ச தூரத்தை மாறி மாறிச் சுமந்து நடந்தோம். இரண்டு மணி ஐம்பது நிமிடம். அன்று அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்கு நேர்ந்ததை அக்கா பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்.

எருவைத் தின்ற மரம் 1962 முழுவதும் இலையாகத் தள்ளியது. என் மனைவி தினமும் காலையில் அண்ணாந்து பார்ப்பாள். டிசம்பரில் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். நான் அவளுக்காகப் பார்க்கத் தொடங்கினேன்.

1963 பிறந்ததும் மழை நின்றது. ஜனவரியில் என் நோட்டில் மழைப் பத்தி வெறுமையாக ஓடுகிறது. புல் காய்ந்தது. மல்லிகை வாடியது. 21-2-1963, காலை 6.50, வடகிழக்குக் கிளையின் நுனியில் இளஞ்சிவப்பாக ஒரு முளை. மூன்று நாளில் அது பூங்கொத்தாக விரிந்தது. ஒரு வாரத்தில் மரமே பூவாக நின்றது.

காரணம் என்ன என்பதில் அன்று நான்கு கட்சிகள் இருந்தன. நூலின்படி வறட்சி என்றேன் நான். கெஞ்சல் என்றாள் என் மனைவி. எரு என்றார் அண்ணன். 13-3-1963 அன்று புத்தகத்தோடு வந்து அண்ணாந்து பார்த்த மண்டோர், "எங்க ஆளு தட்டின தட்டு" என்று சொல்லி, ஒத்திவைத்த வேலையைக் குறுக்கே கோடிட்டு அடித்தார்.

பிறகு தண்ணீர்ப் பங்கீடு வந்தது. குழாயில் தண்ணீர் வரும் நேரம் போக மற்ற நேரத்தில் அரிசி கழுவிய தண்ணீரும் பாத்திரம் அலசிய தண்ணீரும் மரத்துக்குப் போயின. நான் குளிப்பதுகூட மரத்துக்கு அருகில் என்று ஆயிற்று. ஆனாலும் பிஞ்சுகள் கொட்டின. தினமும் காலையில் கொட்டியதைப் பொறுக்கி நான் எண்ணுவேன். "செத்ததை எண்ணாதீங்க" என்பாள். மே முதல் வாரத்தில் மரத்தில் மூன்றே மூன்று காய் இருந்தது.

எங்கள் கொசுவலையை அறுத்து மூன்றுக்கும் பை தைத்துக் கட்டினாள். கொசு எங்களைத் தின்றது. ஒரு காயைப் பையோடு சேர்த்து அணில் தின்றது. இன்னொன்று காற்றில் விழுந்து, உருண்டு, நான் பிடிக்கப் போவதற்குள் சாக்கடையில் இறங்கிவிட்டது. அதை எடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தோம் இருவரும். யோசித்ததை யாரும் வெளியே சொல்லவில்லை.

மூன்றாவது காயை 10-6-1963 அன்று காம்போடு பறித்து அரிசி டின்னுக்குள் வைத்தாள். ஆறு நாள். பதினோரு அவுன்ஸ், நான் நிறுத்தேன். வீடு முழுக்க மணம். 16-ஆம் தேதி ஞாயிறு காலை அதை வெளியே எடுத்து, துடைத்து, எங்கள் சிவப்புக்கரை மங்குத் தட்டின் நடுவில் வைத்தாள். எட்டு ஆண்டுகளுக்கு முன் தேக்காவில் வாங்கியதைப் போலவே இருந்தது.

"ஒரு துண்டு..." என்றேன்.

"வெட்டின பழத்தையா அனுப்புறது?"

"ஓரத்தில் சின்னதாக. தெரியாது."

"சாமிக்கு வச்சதைக் கேக்குற மாதிரி கேக்குறீங்களே" என்றாள். புடவையை மாற்றிக்கொண்டு தட்டை இரண்டு கைகளாலும் ஏந்தி, பதினைந்தடி தூரத்தில் இருந்த அடுத்த வீட்டுக்கு ஊர்வலம்போல் போனாள். திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம்.

மாலையில் அண்ணன் வேலியோரம் வந்தார். "தேன் தம்பி, தேன்! இப்படியொரு பழம் நான் தின்னதே இல்ல லா!" என்றார். அவர் பாதிக் கன்னத்தோடு அழுததையும் பார்த்தவன் நான். அன்று அழுதது நிஜம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்தத் தேன் நிஜமா என்பது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

மறுநாள் எங்கள் சிவப்புக்கரைத் தட்டு திரும்பி வந்தது. சும்மா வரவில்லை. அதில் சீனி இருந்தது.

என் மனைவி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஜம்பு வரல" என்றாள். கொஞ்சம் கழித்து, "பழம் புளிச்சிருக்கு. சீனி போட்டுச் சொல்லாம சொல்லிட்டாங்க" என்றாள்.

"தட்டைச் சும்மா அனுப்பக்கூடாதென்று அனுப்பியிருப்பார்கள். நீ அனுப்பியதில்லையா, இருபத்தைந்து முறை?"

"நான் ஏன் அனுப்புனேன்? குடுக்கப் பழமில்லாம அனுப்புனேன். அவங்களுக்கு என்ன, மரம் நிறைய ஜம்பு இருக்குமே."

இருந்ததா என்பதுதான் கேள்வி. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் மழை வழக்கம்போல் பெய்தது, மரம் பூக்கவில்லை. 1966-இல் அந்த வரிசையை இடித்தார்கள். எங்களுக்கு ஏழாவது மாடியில் ஒரு வீடு கிடைத்தது. மரத்தை வெட்டினார்கள், அந்த முறை யாருக்கும் கடிதம் வரவில்லை. மல்லிகை மறுபடி மூன்று டின்களுக்குத் திரும்பி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தது. 1969-இல் ஒரு கல்யாணப் பந்தியில் அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்தார். அந்த மாம்பழம் உண்மையில் எப்படி இருந்தது என்று நேரடியாகவே கேட்டேன்.

"எந்த மாம்பழம் தம்பி?" என்று கேட்டுவிட்டு, உடனே என் மனைவி இருந்த பக்கம் பார்த்து, "ஓ, அதுவா! நல்லா இருந்துச்சே!" என்றார். சொல்லிவிட்டு இலையில் இருந்த மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

அன்றிரவு பெட்டியிலிருந்து நோட்டை எடுத்து 17-6-1963 பக்கத்தைப் பார்த்தேன். மழை: இல்லை. தண்ணீர் வந்த நேரம் இருக்கிறது. தட்டு வந்த நேரம் இருக்கிறது, காலை 10.15. சீனி ஒரு கிண்ணம் என்று இருக்கிறது. செம்பருத்தி இரண்டு பூத்தது என்றுகூட இருக்கிறது. வேலிக்கு அப்பால், எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்தில், அன்று ஜம்பு மரத்தில் பழம் இருந்ததா இல்லையா என்பதை மட்டும் நான் எழுதவில்லை. இருந்திருந்தால் மாம்பழம் புளிப்பு. இல்லாதிருந்தால் சீனி வெறும் வழக்கம்.

அண்ணன் இப்போது இல்லை. அக்கா, எப்போது கேட்டாலும், நன்றாக இருந்தது என்றே சொல்கிறார். என் மனைவி புளிப்பு என்பதில் உறுதியாக இருக்கிறாள். ஆனால் தட்டில் பழம் போனதே, அது போதும் என்கிறாள். ஆகவே, எங்கள் மாமரம் தந்த ஒரே பழம் இனித்ததா புளித்ததா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.